மேசனாக இருந்தவரை மேற்பார்வையாளராக வளர்ப்பது: கட்டடத் தளத்திலேயே 12 வாரப் பயிற்சி

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் ஒரு வீட்டுக்கு மேல்தட்டு கொங்கிறீற் போட்ட நாள். காலை ஆறரைக்கே மிக்ஸர் ஓடத் தொடங்கிவிட்டது. ஒன்பது மணிபோல நான் போய் இறங்கியபோது எங்கள் சுப்பவைசரைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், பின்பக்கம் சாந்தகப்பையும் கையுமாகக் குந்தியிருந்து படிக்கட்டு மூலையைப் பூசிக்கொண்டிருந்தார். அருமையான பூச்சு. அதே நேரம் முன்பக்கத்தில் மிக்ஸரில் நின்ற பொடியன், கலவை இறுகுகிறது என்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அந்தத் தட்டில் பிறகு வந்த வெடிப்புகள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

அவர் எங்களிடம் இருந்த மிகத் திறமான மேசன். "நாளையிலிருந்து நீங்கள்தான் சுப்பவைசர்" என்று ஒரு மாலை சொன்னதைத் தவிர, நான் அவருக்கு எதையும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான மேற்பார்வையாளர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். கை வேலையில் கெட்டிக்காரராக இருப்பவரைத் தூக்கி ஆட்களை நடத்தும் இடத்தில் வைக்கிறோம். அது வேறொரு தொழில் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

சிறிய, நடுத்தரக் கொந்திராத்துக்காரர்களுக்கும் தளப் பொறியியலாளர்களுக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். மண்டபமும் புரொஜெக்டரும் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலைத்தளம், ஒரு சி.ஆர். கொப்பி, வாரத்தில் ஒருநாள் அரை மணித்தியாலம். இவை போதும். ஆனால் அந்த அரை மணித்தியாலத்தை நீங்கள் ஒரு வாரமும் தவறவிடக்கூடாது.

படி 1: யாரைத் தெரிவு செய்வது

தளத்தில் வேலை ஒன்று சிக்கினால் மற்றவர்கள் யாரிடம் போய்க் கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். முதலாளி இல்லாத நேரத்தில் "அண்ணை, இதை எப்படிச் செய்யிறது?" என்று எவரைத் தேடிப் போகிறார்களோ, அவர்தான் உங்கள் ஆள். அவர் முதல்தர மேசனாக இருக்க வேண்டியதில்லை. இரண்டாவது, தவறு நடந்தால் தானாக வந்து சொல்கிறவராக இருக்கவேண்டும். மறைக்கிற பழக்கம் உள்ளவரை எந்தப் பயிற்சியாலும் திருத்த முடியும் என்று நான் நம்பவில்லை.

தெரிவு செய்ய முதல் ஒரு சின்னச் சோதனை: இரண்டு வாரத்துக்கு, தளத்துக்கு வரும் மணல், சல்லி, சீமெந்து எல்லாவற்றையும் திகதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை பெரிய விடயமில்லை. விடாமல் எழுதுகிறாரா என்பதைப் பாருங்கள்.

சம்பளத்தையும் அப்போதே பேசி முடியுங்கள். நாட்கூலியில் ஓவர்டைமும் சேர்த்து உழைத்தவருக்குச் சுப்பவைசர் ஆனதும் கையில் வருவது குறைந்தால், அவர் திரும்பச் சாந்தகப்பையைத்தான் பார்ப்பார். பிறகு எல்லா ஆட்களையும் கூப்பிட்டு வைத்து, அவருடைய பொறுப்பு என்ன, எதை அவரே முடிவெடுக்கலாம், எதற்கு உங்களைக் கேட்கவேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், ஆட்கள் அவரைத் தாண்டி நேரே உங்களுக்குப் போன் எடுப்பார்கள். நீங்களும் எடுத்துப் பேசுவீர்கள். அன்றோடு அவருடைய சொல் தளத்தில் எடுபடாது.

படி 2: சாந்தகப்பையைக் கீழே வைப்பது (1ஆம், 2ஆம் வாரம்)

இதுதான் மிகக் கடினமான படி. கைவேலை அவருக்குத் தெரிந்த இடம், அவருடைய பெருமை. ஆட்களோடு முகம் கொடுத்துப் பேசச் சங்கடமாக இருக்கும்போது அவர் அங்கேதான் ஒதுங்குவார். அதனால் முதல் இரண்டு வாரத்துக்கு ஒரே விதி: சொல்லிக் கொடுப்பதற்காகச் செய்து காட்டலாம், அதைத் தவிர கருவியைத் தொடக்கூடாது.

வெறுங்கையோடு நிற்கும் மனிதனுக்கு என்ன செய்வதென்று தெரிய வேண்டுமல்லவா? அதற்கு மூன்று சுற்றுக் கொடுங்கள். காலை வேலை தொடங்கி அரை மணிக்குள் ஒன்று: ஆட்கள், பொருட்கள், கருவிகள் சரியா? தேத்தண்ணி நேரத்துக்குப் பிறகு ஒன்று: மட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம். மூன்றரைக்கு ஒன்று: இன்றைக்கு எது முடியும், எது முடியாது, நாளைக்கு எது குறைகிறது? சுற்று முடிந்ததும் கொப்பியில் இரண்டு வரி எழுதவேண்டும்.

நேற்றுவரை தோளில் கைபோட்டுத் திரிந்த கூட்டாளிகளுக்கு இன்றைக்கு வேலை சொல்வது லேசில்லை. தன்னைவிடப் பதினைந்து வயது மூத்த மேசனுக்குப் பிழை சொல்வது இன்னும் கடினம். எங்கள் ஊரில் மூத்தவரின் மானம் பெரிய விடயம். "உது பிழை, உடைச்சுப் போட்டுக் கட்டுங்கோ" என்று பத்துப் பேருக்கு முன்னால் சொன்னால், அவர் அடுத்த நாள் வேறு தளத்தில் நிற்பார். நான் பழக்கும் முறை: மட்டப்பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு அருகில் போய், "அண்ணை, இந்தச் சுவரை ஒருக்கால் சேர்ந்து பார்ப்பமே?" என்று கேட்பது. குமிழி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை இரண்டு பேரும் பார்க்கிறார்கள். பிழையை மட்டப்பலகை சொல்லிவிடும். அதைக் கழற்றிக் கட்டுவது மட்டும் மாறாது. மரியாதையாகச் சொல்ல வேண்டும், ஆனால் விட்டுக்கொடுக்கவும் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்க இரண்டு வாரம் போதாது, ஆனால் தொடங்கப் போதும்.

படி 3: வேலை சொல்லவும் சொல்லிக் கொடுக்கவும் பழகுவது (3ஆம், 4ஆம் வாரம்)

காலையில் பத்து நிமிடம் எல்லோரும் நின்றபடியே ஒரு கூட்டம். இன்றைக்கு யாருக்கு என்ன வேலை, எங்கே ஆபத்து இருக்கிறது, நேற்று என்ன பிழைத்தது. இந்த மூன்றும்தான், உபதேசம் வேண்டாம். முதல் வாரம் நீங்கள் நடத்துங்கள், இரண்டாம் வாரம் அவர் நடத்தட்டும். நீங்கள் கூட்டத்தில் ஓர் ஆளாக நின்று கேளுங்கள். இடையில் திருத்த வாய் துடிக்கும், பொறுங்கள். பிறகு தனியே சொல்லலாம்.

வேலை சொல்லிக் கொடுப்பதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940க்கும் 1945க்கும் இடையில், தொழிற்சாலைகளுக்கு வந்த புது ஆட்களைச் சீக்கிரம் பழக்குவதற்காக அமெரிக்காவில் மேற்பார்வையாளர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. நான்கே கட்டம்: ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, செய்ய வை, பிறகு போய்ப் பார். நம் தளங்களில் இரண்டாவதை மட்டும் அவசரமாகச் செய்கிறோம். "நான் செய்யிறதைப் பார்" என்று ஒருதரம் காட்டிவிட்டுப் போய்விடுகிறோம். மூன்றாவது கட்டத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. புதுக் கையாள் செய்யும்போதே, "இதை ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்று அவனையே சொல்ல வைக்கவேண்டும். தண்ணீர் ஏன் கூடக்கூடாது என்று தன் வாயால் சொன்ன பொடியன் பிறகு வாளியைத் தூக்க யோசிப்பான்.

ஆட்களை நடத்துவதில் இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தேத்தண்ணிக் கோப்பை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். சாதியை வைத்து ஆளைப் பிரிக்கும் பேச்சு தளத்துக்குள் வந்தால் மேற்பார்வையாளர் அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும். வன்னியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து தங்கி வேலை செய்கிறவர்களுக்குப் படுக்க ஒழுங்கான இடமும் கழிப்பறையும் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவருடைய வேலைதான். இந்த விடயங்களில் அவர் எப்படி நடக்கிறார் என்பதை வைத்துத்தான் ஆட்கள் அவருடைய சொல்லைக் கேட்பதா விடுவதா என்று முடிவு செய்கிறார்கள்.

படி 4: வாரத் திட்டம் (5ஆம் வாரத்திலிருந்து கடைசிவரை)

சுப்பவைசருக்குக் கணினியில் பட்டை வரைபடம் போடக் கற்றுக் கொடுப்பதிலிருந்து தொடங்காதீர்கள். தலைகீழாகத் தொடங்குங்கள். குடிபூரல் எப்போது? அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். பெயின்ற் எப்போது முடிய வேண்டும், அதற்கு முதல் ஓடு பதிப்பது, அதற்கு முதல் பூச்சு, அதற்கு முதல் வயரிங் குழாய், அதற்கு முதல் கூரை. ஒன்று முடியாமல் மற்றது தொடங்க முடியாத சங்கிலி எது என்று அவர் விரலால் தொட்டுக் காட்டவேண்டும். மதில் கட்டும் வேலை ஒரு வாரம் பிந்தினாலும் வீடு பிந்தாது. தட்டுக் கொங்கிறீற் ஒரு நாள் பிந்தினால் வீடே ஒரு நாள் பிந்தும். இந்த வித்தியாசம் புரிந்தால், ஆள் குறைந்த நாளில் எந்த வேலையிலிருந்து ஆளை எடுப்பது என்று அவரே சொல்லிவிடுவார்.

யாழ்ப்பாணத்தின் நாட்காட்டியைத் திட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். எங்கள் மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. அத்திவாரக் கிடங்கை அந்தக் காலத்துக்குத் திறந்து வைத்திருக்கக்கூடாது. 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் வந்தபோது திறந்து கிடந்த கிடங்குகள் எல்லாம் குளமாகின. நல்லூர்த் திருவிழா 25 நாள். ஆட்கள் லீவு கேட்பார்கள், கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் லொறி போகாது. தை மாதம் அறுவடைக்குக் கொஞ்சப் பேர் ஊருக்குப் போவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் வீட்டுக்காரர் புது வேலை தொடங்க விடமாட்டார். அத்திவாரக் கல் நாட்ட, நிலை வைக்க நாள் பார்ப்பார். இதையெல்லாம் தடங்கல் என்று முணுமுணுப்பதில் பயனில்லை. ஆறு மாதத்துக்கு முன்பே தெரிந்த விடயங்கள்தானே. நெடுந்தீவில் வேலை என்றால் இன்னும் கவனம் வேண்டும்: குறிகட்டுவானில் படகு ஏற்றும்போது பத்துப் பை சீமெந்து மறந்துபோனால் அன்றைய நாள் போய்விட்டது.

அப்புறம், வாரத் திட்டம். 1990களில் அமெரிக்காவில் கிளென் பல்லார்ட், கிரெக் ஹவெல் என்ற இருவர், "கடைசித் திட்டமிடுநர்" என்ற கருத்தை உருவாக்கினார்கள். அலுவலகத்தில் யார் என்ன வரைந்தாலும், நாளைக்கு எந்த ஆள் எந்த வேலையைச் செய்வார் என்று கடைசியாக முடிவெடுப்பவர் தளத்தில் நிற்கும் மேற்பார்வையாளர்தான். ஆகவே செய்ய முடியும் என்று அவர் தன் வாயால் ஒப்புக்கொண்ட வேலை மட்டும் வாரத் திட்டத்தில் இருக்கவேண்டும் என்றார்கள். சின்னத் தளத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் காணவில்லை. கொப்பியில் ஒரு பக்கத்தில் ஐந்து நிரல் போடுங்கள்: வேலை, யார், எந்த நாள், என்ன தடை, முடிந்ததா.

"என்ன தடை" என்ற நிரல்தான் அவரைச் சிந்திக்க வைக்கும். வியாழக்கிழமை லின்ரல் (கதவு, யன்னலுக்கு மேலே வரும் வளை) கொங்கிறீற் என்று எழுதினால், கம்பி வந்துவிட்டதா, கொங்கிறீற்றைத் தாங்கும் சென்றிங் பலகை அடுத்த தளத்திலிருந்து விடுபடுமா, பொறியியலாளர் கம்பி பார்க்க வருவாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தடை நீங்கும்வரை அந்த வேலைக்கு ஆளை ஒதுக்கக்கூடாது.

சனிக்கிழமை சம்பளம் கொடுக்க முதல் அந்த அரை மணித்தியாலம். நீங்களும் அவரும் மட்டும். பத்து வேலை எழுதி ஆறு முடிந்திருந்தால் நூற்றுக்கு அறுபது. முதல் வாரங்களில் இதைவிடக் குறைவாக வந்தாலும் கோபப்படாதீர்கள். முடியாத நான்குக்கும் காரணத்தை எழுதுங்கள். ஆளின் பெயரை எழுதாமல் காரணத்தை எழுதவேண்டும்: மணல் வரவில்லை, வரைபடத்தில் அளவு இல்லை, வீட்டுக்காரர் யன்னலை மாற்றினார், மழை. நாலைந்து வாரத்தில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். எங்கள் தளமொன்றில் அது வரைபடமாக இருந்தது. அதாவது பிழை என்னுடைய மேசையில் இருந்தது. பயிற்சி கொடுக்கிறவர் இதைக் கேட்கத் தயாராக இருக்கவேண்டும். கேட்டவுடன் முகம் கறுத்தால், அடுத்த கிழமையிலிருந்து அவர் மழை என்று மட்டும்தான் எழுதுவார்.

படி 5: அளவும் பொருளும் (6ஆம், 7ஆம் வாரம்)

20 அடி நீளம், 15 அடி அகலம், 5 அங்குலத் தடிப்பில் ஒரு தட்டு. இதற்கு என்ன வேண்டும் என்று அவர் கொப்பியில் போடவேண்டும். 300 சதுர அடியை 5 அங்குலத்தால் பெருக்கினால் 125 கன அடி கொங்கிறீற். உலர்ந்த பொருட்கள் கலந்து இறுகும்போது கன அளவு குறையும் என்பதால் 1.54ஆல் பெருக்கவேண்டும்: ஏறத்தாழ 192. கலவை 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி) என்றால் மொத்தம் ஏழு பங்கு, ஒரு பங்கு 27½ கன அடி. 50 கிலோ சீமெந்துப் பை ஏறத்தாழ 1¼ கன அடி, ஆகவே 22 பை. மணல் 55 கன அடி, சல்லி 110 கன அடி. ஒரு கியூப் என்பது 100 கன அடி. எனவே மணல் அரைக் கியூபுக்குச் சற்று மேல், சல்லி ஒரு கியூபுக்குச் சற்று மேல். சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். வரைபடத்தில் வேறு கலவை சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

இதை அவர் மூன்று முறை தானாகச் செய்தபிறகு, "ஒரு இருபது இருபத்தைஞ்சு பை காணும்" என்ற பேச்சு நின்றுவிடும். 2022இல் சீமெந்து விலை சில மாதங்களுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியபோது, கணக்குத் தெரிந்த சுப்பவைசர் இருந்த தளங்களுக்கும் இல்லாத தளங்களுக்கும் இருந்த வித்தியாசத்தை நான் கண்ணால் கண்டேன்.

மிக்ஸருக்கு அருகில் அளவுப் பெட்டி இருக்கவேண்டும். ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், 15 அங்குல உயரத்தில் பலகையால் அடித்தால் சரியாக 1¼ கன அடி பிடிக்கும். ஒரு பை சீமெந்துக்கு இரண்டு பெட்டி மணல், நான்கு பெட்டி சல்லி. சவளால் அள்ளிப் போட்டு எண்ணுவது அளவாகாது. தண்ணீர் ஒரு பைக்கு ஏறத்தாழ 25 லீற்றர். மழைக்கு நனைந்த மணல் தனக்குள் தண்ணீர் வைத்திருக்கும், அன்றைக்கு இன்னும் குறைக்கவேண்டும்.

எங்கள் மண்ணுக்கே உரிய ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். தீவகத்திலும் கரையோரங்களிலும் பல கிணறுகள் உவர். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும் தண்ணீரில் கொங்கிறீற் குழைத்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கி, சில வருடங்களில் தூண் வெடிக்கும். கடற்கரை மணலுக்கும் இதே கதைதான். லொறி வந்து நின்றதும் மேற்பார்வையாளர் முதலில் மணலைக் கையில் எடுத்துக் கசக்கிப் பார்க்கவேண்டும், அனுமதிப் பத்திரத்தைக் கேட்கவேண்டும், பிறகுதான் கொட்ட விடவேண்டும். கொட்டியபின் திருப்பி ஏற்ற எந்த றைவரும் சம்மதிக்கமாட்டார்.

படி 6: மூடும் முன் நிறுத்துவது (8ஆம் வாரம்)

தரத்தைப் பற்றி நிறையப் பேசலாம். ஒரு விதியை மட்டும் ஊறவைத்தால் போதும்: மூடினால் பிறகு பார்க்க முடியாத எதையும் பார்க்காமல் மூடக்கூடாது. அத்திவாரக் கிடங்கின் அடி, தூண் கம்பி, தட்டின் கம்பியும், அது பலகையில் முட்டாமல் கீழே வைக்கும் கவர் கட்டைகளும், சுவருக்குள் போகும் குழாய்கள். இந்த இடங்களில் வேலை தானாக நிற்கவேண்டும். பொறியியலாளர் வர இரண்டு மணி பிந்தினாலும் மிக்ஸரை ஓட விடக்கூடாது. "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் மேற்பார்வையாளருக்கு உண்மையில் இருக்கவேண்டும். அவர் நிறுத்தியதால் ஒரு நாள் கூலி நட்டமானால், அதற்காக அவரை ஒருபோதும் ஏசாதீர்கள்.

கொங்கிறீற் போட்டபின் குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் வைத்திருக்கவேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் சாக்கும் தண்ணீரும் யாருடைய பொறுப்பு என்று பெயர் போட்டு எழுதவேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து.

படி 7: பாதுகாப்பு

இதற்கென்று ஒரு வாரம் ஒதுக்கவில்லை, முதல் நாளிலிருந்தே இருக்கவேண்டும். மேல்தட்டில் நீளக் கம்பியைத் தூக்கித் திருப்பும்போது வீதியோர மின்கம்பி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? சாரத்தின் மரம் உளுத்ததா, கயிறு புதியதா? கிணற்றுக்குள்ளும் மலக்குழிக்குள்ளும் ஒருவரைத் தனியே இறக்கக்கூடாது. உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்றப் போகிறேன் என்று அடுத்தவர் குதிப்பதைத் தடுப்பதும் மேற்பார்வையாளரின் வேலை. காற்றில் விஷம் இருந்தால் இரண்டு பேரும் போய்விடுவார்கள். தலைக்கவசத்தை அவர் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள். நீங்களும் போடவேண்டும்.

படி 8: கொப்பியும் காசும் (9ஆம், 10ஆம் வாரம்)

வீட்டுக்காரர் கனடாவிலோ சுவிஸிலோ இருப்பார். இரவு பத்து மணிக்கு வீடியோ கோலில், "தம்பி, அந்த யன்னலைக் கொஞ்சம் பெரிசாக்குங்கோ" என்பார். மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டுச் செய்த மாற்றம், கடைசிக் கணக்கு நாளில் சண்டையாக முடியும். ஆகவே மேற்பார்வையாளர் ஒரு வசனத்தைப் பழகவேண்டும்: "சரி ஐயா, இதுக்கு எவ்வளவு கூடும், எத்தனை நாள் பிந்தும் எண்டு கணக்குப் பார்த்து அனுப்புறம். நீங்கள் ஓம் எண்டு எழுதின பிறகு தொடங்குவம்." வட்ஸ்அப்பில் ஒரு வரி பதில் வந்தாலும் போதும். கூடவே வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் நின்று எடுத்த ஐந்து படங்கள், மூடிய கம்பியின் படங்கள் உட்பட, திகதியோடு அனுப்புவது நல்லது. தூரத்தில் இருப்பவருக்குக் காசைவிடப் பெரிய கவலை, தன்னை ஏமாற்றுகிறார்களோ என்பதுதான்.

நாளேட்டில் தினமும் வானிலை, ஆட்தொகை, வந்த பொருள், முடிந்த வேலை, நடந்த காயம். ஆட்களின் சம்பள விடயத்திலும் அவருக்கு அடிப்படை தெரியவேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளியிடமிருந்து 3 வீதம். காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கவேண்டும் என்ற சட்டம் 1934இலிருந்தே இருக்கிறது. ஆட்கள் இதைப் பற்றி முதலில் கேட்பது அவரிடம்தான்.

படி 9: தனியே விடுவது (11ஆம், 12ஆம் வாரம்)

ஒரு வாரம் தளத்துக்குப் போகாதீர்கள். மாலை ஐந்து மணிக்கு ஒரே ஒரு போன். அவர் "என்ன செய்வம்?" என்று கேட்டால், "நீங்கள் என்ன யோசிக்கிறீங்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். உயிராபத்தோ கட்டமைப்புப் பிழையோ வராதவரை, உங்கள் விடையைவிட அவருடைய விடை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அதன்படி நடக்க விடுங்கள். பன்னிரண்டாம் வாரச் சனிக்கிழமை முதல் வாரக் கொப்பியையும் கடைசி வாரக் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு பேரும் வாசியுங்கள்.

இதற்குப் பிறகு அவருக்கு ஒரு சான்றிதழ் கிடைக்க வழி செய்யுங்கள். இலங்கையின் தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்கள் கொண்டது: நான்காம் மட்டம்வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். பள்ளிப்படிப்பு இடையில் நின்றுபோன மேசனுக்கும் அனுபவத்தை வைத்து மதிப்பீடு செய்து சான்றிதழ் கொடுக்கும் வழி இருக்கிறது. அதை முன்கற்றல் அங்கீகாரம் என்பார்கள், தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில் விசாரிக்கலாம். மேலே படிக்க விரும்பினால் யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரியும் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த கட்டுமானத் தொழில் அபிவிருத்தி அதிகாரசபையும் இத்துறைக்கான பயிற்சிகளை நடத்துகிறது. மதிப்பீட்டுக்குப் போகும்போது அந்தப் பன்னிரண்டு வாரக் கொப்பியை அவரே கையில் கொண்டுபோகட்டும்.